ஆடிப்பெருக்கன்று என் மொழி அரங்கேறிய கதை

சொந்தமாக மொழி செய்கிறவனை வீட்டில் வைத்துக்கொண்டு கல்யாணப் பேச்சை எடுக்கக் கூடாது. எங்கள் வீட்டில் எடுத்தார்கள்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. இன்ஜினியரிங் முடித்துவிட்டு தாராசுரத்து வீட்டில் சும்மா இருந்தேன். (சும்மா இல்லை, ஒரு மொழியை உருவாக்கிக்கொண்டிருக்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னபோது அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.) இல்லாத நாட்டுக்கு, இல்லாத மக்களுக்கு, இலக்கணத்தோடு ஒரு மொழி. இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் இணையத்தில் உலகெங்கும் இருக்கிறார்கள். என் மொழி தெரிந்தவர்கள் மட்டும் இரண்டே பேர். நானும் என் அக்கா சுமதியும். அம்மா எதிரிலேயே அம்மாவின் சமையலைக் குறை சொல்லலாம் என்பதற்காக அக்கா அதைக் கற்றுக்கொண்டிருந்தாள்.

சுவைகளுக்கான வேர்ச்சொற்களில்தான் நான் முழு மூச்சாக இறங்கினேன். அறுசுவை எனக்குப் போதவில்லை. எந்த மொழியிலிருந்தும் கடன் வாங்குவதில்லை என்று கொள்கை வேறு. ஆகவே பண்டத்தை வாயில் போட்டுக்கொண்டு, முகம் போகிற போக்கில் என்ன சத்தம் வருகிறதோ அதையே வேர்ச்சொல்லாக்கினேன். உப்புக் கரித்தால் ‘ப்தூவ்’. புளித்த தோசைக்கு ‘ஈஸ்க்’. அடிப்பிடித்த பாலுக்கு ‘கெர்ஹ்’. முகம் கோணாமல் சொன்னால் உச்சரிப்புத் தவறு. (ரகசியம் பேசுகிற மொழிக்கு இப்படி ஒரு விதி வைத்த மேதை நான்தான்.)

அக்கா சென்னையில் தன்னோடு வேலை பார்த்த பிரபுவைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். பிரபுவின் அம்மாவுக்கு மனமில்லை. பிரபு பல மாதம் கெஞ்சிய பிறகு, ஒரே ஒரு தடவை வந்து பார்க்கிறேன், பிடிக்கவில்லை என்றால் அதோடு பேச்சை விட்டுவிட வேண்டும் என்று சொல்லி, நாகப்பட்டினத்திலிருந்து கணவரோடும் மகனோடும் வந்தார். எல்லோருக்கும் ஒத்து வந்த நாள் ஆடிப்பெருக்கு. ஆடியில் பெண் பார்க்க வரக் கூடாது என்பதால் காவிரி பார்க்க வருவதாகச் சொல்லிக்கொண்டார்கள். நாங்களும் அப்படியே நம்புவதுபோல நடித்தோம்.

அன்று காலை அக்கா புளியோதரை கிளறினாள். அவள் உப்புப் போட்டாள். அவள் மறந்திருப்பாள் என்று அம்மாவும் போட்டுவிட்டாளோ என்று சந்தேகம். அம்மாவைக் கேட்டால் அம்மாவுக்கே நினைவில்லை. காவிரிக்குப் படைக்கும் முன் ருசி பார்க்கவும் முடியாது. அக்கா என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

“படைச்சதும் நீ முதல்ல ஒரு வாய் போட்டுப் பாரு. உப்பா இருந்தா நம்ம மொழில மெதுவா சொல்லு. வெறுஞ்சோறு தனியா எடுத்து வச்சிருக்கேன், கலந்துடறேன். இன்னைக்கு ஏதாவது ஆச்சுன்னா எனக்கு வேற நாள் கிடையாதுடா.”

கும்பகோணத்துப் படித்துறையில் நிற்க இடமில்லை. அக்கா விளக்கேற்றினாள், படைத்தாள், கும்பிட்டாள். பிரபுவின் அம்மா அவளைத் தலை முதல் கால் வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிரசாதம் எடுப்பதுபோலப் புளியோதரையில் ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டேன்.

சமுத்திரத்தையே உள்ளே இறக்கியிருந்தார்கள். மெதுவாகச் சொல்ல வேண்டும் என்பது எனக்கு நினைவிருந்தது. ஆனால் அந்த வேர்ச்சொல்லை மெதுவாகச் சொல்லவே முடியாது, அதை அப்படித்தான் செய்திருந்தேன். புருவம் ஏறி, கண் இடுங்கி, நாக்கு வெளியே வந்து, “ப்தூவ்” என்றேன். பக்கத்துக் குடும்பம்கூடத் திரும்பிப் பார்த்தது.

பிரபுவின் அம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, அது என்ன தம்பி என்று கேட்டார். நான் உளறினேன். உளறலில் மொழி விஷயம் வெளியே வந்தது. வேறு என்னென்ன வார்த்தை இருக்கிறது என்று கேட்டார். அங்கே வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால் என் மொழியைப் பற்றி அதுவரை யாரும் என்னிடம் கேள்வி கேட்டதே இல்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. வேகாத அரிசிக்கு ஒன்று, மறுநாள் சுடவைத்த சாம்பாருக்கு ஒன்று, கருகிய தாளிப்புக்கு ஒன்று என்று முகபாவத்தோடு அடுக்கிக்கொண்டே போனேன். ஒவ்வொன்றுக்கும் என் அம்மாவின் முகம் சுருங்கியதை நான் பார்க்கவில்லை.

பிரபுவின் அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “நல்லா இருக்குங்கிறதுக்கு என்ன வார்த்தை?” என்றார்.

யோசித்தேன். நாற்பதுக்கு மேல் வேர்ச்சொல் செய்திருந்தேன். அதற்கு ஒன்று செய்யவில்லை. தேவைப்பட்டதே இல்லை.

“இல்லீங்க ஆன்ட்டி” என்றேன்.

அம்மா கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். “இத்தனை வருஷமா ஆக்கிப் போடறேன். அதுக்கு ஒரு வார்த்தைகூட வரலியா உனக்கு?” என்றாள். அக்காவின் கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. அவளுடைய கல்யாணத்தை என் நாக்காலேயே ஆற்றில் விட்டுவிட்டேன் என்று நினைத்தேன். அப்படியே நானும் இறங்கிவிடலாமா என்று தோன்றியது. (கூட்டத்தில் படி தெரியவில்லை.)

பிரபுவின் அம்மா என்னை விட்டுவிட்டு என் அம்மா பக்கம் திரும்பினார்.

“எங்க வீட்லயும் இதே கதைதாங்க. நல்லா இருந்தா வாயே திறக்க மாட்டாங்க. ஒரு கல்லு உப்பு கூடிட்டா மட்டும் பேச்சு வந்துடும்.”

அவருடைய கணவர் சட்டென்று காவிரியை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். அதுதானே பார்க்க வந்தது. இரண்டு அம்மாக்களும் ஒரே படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். முப்பது வருடக் குறைகளை இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். பேச்சின் நடுவே அக்கா வெறுஞ்சோற்றைக் கலந்து கொடுத்ததை இருவருமே கவனிக்காமல் சாப்பிட்டு முடித்தார்கள். கிளம்பும்போது பிரபுவின் அம்மா அக்காவின் கன்னத்தைத் தொட்டு, ஆவணி பிறந்ததும் முறைப்படி வருகிறோம் என்றார்.

கல்யாணப் பந்தியில் என் இலைக்கு முன்னால் சம்பந்தியம்மாக்கள் இருவரும் சாம்பார் வாளியோடு வந்து நின்று, அந்த வார்த்தையைச் செய்துவிட்டாயா என்று கேட்டார்கள். செய்யவில்லை. பந்தியில் எல்லோருக்கும் பரிமாறிய பிறகுதான் எனக்கு ஊற்றினார்கள். அன்றிலிருந்து இரண்டு வீட்டிலும் அந்த வார்த்தையைக் கேட்காமல் எனக்குப் பரிமாறுவதில்லை. எனக்குக் கல்யாணமாகி வந்த என் மனைவிக்கு அந்த மொழியில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. கரண்டியை என் தட்டுக்கு மேலே நிறுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருக்க மட்டும் தெரியும்.

நானும் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன், ரொம்ப நல்லா இருக்கு என்று. சோறு தட்டில் விழுவதற்கு முன்பே.