டீ பட்ட எண்

முதலாளியின் புதுக் காரில் கதவு நீளத்துக்கு ஒரு கீறல். உத்திரமேரூர் ரைஸ் மில்லில் அன்று காலை எல்லார் கண்ணும் வேதகிரி மேல்தான். காரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்க, அவன் நாஷ்டாவுக்குப் போயிருந்தான்.

"சாயந்தரத்துக்குள்ள இடிச்சவன் யாருன்னு தெரியணும்," என்றார் முதலாளி சுப்பிரமணி. "இல்லன்னா நாளைக்கு நீ வர வேணாம்."

மூன்று வருஷமாகக் கம்ப்யூட்டர் தட்டிய உத்தியோகம் நாலு இட்லியில் போய்விடும் போலிருந்தது. அந்த நேரம் பார்த்து, எதிர் டீக்கடை சொக்கம்மாள் ஜன்னலோரம் வந்தாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஒரு சீட்டை நீட்டினாள்.

"இந்த பைக்கு யாருதுன்னு கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லுப்பா. நடுவுல ஒரு நம்பர் மேல டீ ஊத்திக்கிச்சி. யாருகிட்டயும் மூச்சு விடாத."

கண்ணால் பார்த்த சாட்சி! பாவம், பயந்து பயந்து கொடுக்கிறாள் என்று வேதகிரிக்கு உடனே விளங்கிவிட்டது.

சீட்டில் 4, பிறகு டீக்கறை, பிறகு 71. மில்லுக்கு வந்துபோகும் வண்டியெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறியிருந்தன. தெரியாத இடத்தில் ஒரு புள்ளி வைத்துத் தேடினால், அங்கே எந்த எழுத்து இருந்தாலும் பிடித்துவிடும். 4.71 என்று தட்டினான். ஆறு வண்டி வந்து விழுந்தது.

அவற்றில் அப்போது மில்லில் இருந்த வண்டிக்காரர்களை நிற்கவைத்து, "காலைல எங்க இருந்த?" என்று கேட்டான்.

"எங்க மேலயே சந்தேகமா?" என்று லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் மூட்டையைப் போட்டுவிட்டுப் போனார்கள்.

"இன்னாடா, மில்லே நின்னு கீது?" என்றார் முதலாளி.

வேதகிரி சீட்டை வெயிலில் பிடித்துப் பார்த்தான். கறைக்குள் ஏதோ வளைவு. மூணோ, எட்டோ. புள்ளியை எடுத்துவிட்டுச் சதுர அடைப்புக்குள் 38 என்று போட்டான். இனி அங்கே அந்த இரண்டில் ஒன்று இருந்தால்தான் பிடிக்கும்.

இரண்டே வண்டி. ஒன்று லோடுமேன் சாம்சனுடையது. அது நாலு நாளாய் மெக்கானிக் கடையில் கிடந்தது. மற்றதன் சொந்தக்காரர் பெயரை வேதகிரி இப்போதுதான் கவனித்தான். முதலாளியின் மச்சினன் கார்த்திக்.

வேலை போய்விடுமே என்ற பயத்தில், சாட்சி இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லித் தொலைத்தான்.

"நெனச்சேன். காரு வாங்கனதுலேர்ந்து அவன் பார்வையே சரியில்ல." முதலாளி போனிலேயே மச்சினனை வறுத்தெடுத்தார். கார்த்திக் சத்தியம் செய்தான். "பாத்தியா, கேக்கறதுக்கு முன்ன சத்தியம் பண்றான்," என்று முதலாளிக்குச் சந்தேகம் இன்னும் கெட்டியானது.

பத்தாவது நிமிஷம் முதலாளியம்மா தேவயானி வந்து நின்றாள்.

"என் தம்பியச் சந்தேகப்பட்ட வூட்ல எனக்கு இன்னா வேல?"

சாவியைப் பிடுங்கி, அந்தக் கீறல் காரையே எடுத்துக்கொண்டு மாகறலுக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆளும் இல்லை, பெண்டாட்டியும் இல்லை, காரும் இல்லை. "சாட்சி கீதுன்னியே, கூப்புடு," என்றார் முதலாளி.

சொக்கம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கார்த்திக் பெயரைக் கேட்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"உங்க மச்சினனா அது? காரு கத எனக்கு ஒண்ணும் தெரியாது மொதலாளி. நேத்து டீ குடிக்கறப்போ எங்க பொண்ணயே பாத்துக்கினு இருந்தாரு, நல்ல எடமா இருந்தா பேசி முடிச்சிடலாம்னுதான் வண்டி நம்பர எய்தி வச்சேன்."