ஒலிவட்டுப் பிரதிப் பிரிவின் மாட்சி

தராசு பொய் சொல்லாது என்பார்கள். தட்டில் விரல் வைத்தால் சொல்லும். கண்ணாடி பொய் சொல்லாது என்பார்கள்; மூச்சு விட்டால் மழுப்பும். மனிதகுலம் தோன்றி இத்தனை காலத்தில், பொய்யே சொல்லத் தெரியாத ஒரே பொருளாக வந்து வாய்த்தது மென்பொருள்தான். அப்படி ஒன்று தொழிலாளர் குறைதீர்ப்பு அலுவலகத்தின் மாடியில், கழிப்பறைக்கு அடுத்த அறையில் குடியிருந்தது. ஒரு சிடியில் இருக்கும் ஒலியை உருவி எடுத்து இன்னொரு சிடியில் ஏற்றுவது அதன் திருப்பணி. அதைத் தரிசிக்கும் பேறு கிடங்குச் சுமையாள் நெட்டைக்குக் கிடைத்தது. தோள்பட்டை இறங்காமல் இருந்திருந்தால் கிடைத்திருக்காது. எந்தக் கேட்டிலும் ஒரு நன்மை உண்டு.

பெட்டி அடுக்கு சரிந்ததில் இறங்கிய தோள் அது. டாக்டர் ஏற்றிவிட்டார், ஆனால் அது ஏறிய இடத்தில் இருக்கச் சம்மதிக்கவில்லை. "நல்லா ரெஸ்ட் எடுப்பா, இனிமே வர வேண்டாம்" என்று கிடங்கில் அன்பாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த அன்பு நெட்டைக்குப் புரியவில்லை. ஏனென்றால் ஆண்டுக் கூட்டத்தில் முதலாளி மைக்கைப் பிடித்து, வேலையில் அடிபட்டவனை வெளியே அனுப்ப மாட்டேன், உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுப்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். முதலாளி வருஷந்தோறும் பேசுவார். இந்த வருஷம் தம் பேச்சின் அருமை தமக்கே தெரிந்துபோய், அதைப் பதிவுசெய்து, பாட்டு மாதிரி துண்டு துண்டாக வெட்டி, போனஸுக்குப் பதிலாக ஆளுக்கொரு சிடி கொடுத்தார்.

சிடியைச் சுமையாட்கள் பொக்கிஷமாகப் போற்றினார்கள். ஒருவன் சைக்கிளின் பின்னால் கட்டினான். இரவில் நன்றாக மின்னியது. ஒருவன் புறா வராமலிருக்க ஜன்னலில் தொங்கவிட்டான். ஒருவன் அதில் முகம் பார்த்துச் சவரம் செய்தான். நெட்டையின் மனைவி தண்ணீர்ச் செம்புக்கு மூடியாக்கினாள். நடுவில் ஓட்டை இருந்ததால் எறும்புக்கு மட்டும் அனுமதி.

அந்த மூடியோடுதான் நெட்டை அதிகாரி முன்னால் போய் நின்றான்.

"வாக்குக் குடுத்தார்னா, எழுத்துல இருக்கா?" என்றார் அதிகாரி.

"பேச்சுல இருக்குங்க. இதோ சிடி."

"சாட்சி?"

சாட்சிக்குக் கிடங்கில் எல்லாரையும் கேட்டுப் பார்த்தாகிவிட்டது. "கேட்ட மாதிரியும் இருக்கு நெட்டை, கேக்காத மாதிரியும் இருக்கு. எதுக்கு வம்பு?" என்று ஒரே குரலில் சொல்லியிருந்தார்கள். இவ்வளவு ஒற்றுமையை அவன் சம்பள நாளில்கூடப் பார்த்ததில்லை.

"அப்ப சிடிதான் சாட்சி," என்றார் அதிகாரி. "ரெண்டு பிரதி வேணும். ஒன்னு கோப்புக்கு, ஒன்னு எதிர்த்தரப்புக்கு. பிரதி இல்லாத பேச்சு பேச்சே இல்ல. மேல போங்க."

மேலே போனான்.

பிரதிப் பிரிவை ஆண்டவரின் முழுப் பதவிப் பெயர் 'ஒலிவட்டுப் பிரதியெடுப்பு மென்பொருள் பிழைநீக்க இளநிலை அலுவலர்'. பெயர்ப்பலகை கதவில் தொடங்கி, சுவரில் ஓடி, கழிப்பறைக் கதவில் முடிந்தது. அவசரத்தில் வருகிறவர்கள் 'அலுவலர்' என்று மட்டும் படித்துத் திரும்பிப் போய்விடுவதாகக் கேள்வி. ஆகவே எல்லோரும் அவரைப் 'பிழைநீக்கி' என்றே அழைத்தார்கள்.

பிழைநீக்கி சிடியை இரண்டு விரலால் வாங்கி, தட்டில் வைத்து, உள்ளே தள்ளினார். இயந்திரம் உறுமியது. இருமியது. பிறகு திரையில் எழுதியது.

"சிடி இல்லையாம்," என்றார்.

"இப்பத்தானே சார் வெச்சீங்க?"

"வெச்சேன். ஆனா இல்ல."

"திறந்து பாருங்க சார்."

திறந்தார். இருந்தது. மூடினார். இல்லை என்றது.

"இருக்கே சார்!"

"உங்க கண்ணுக்கு இருக்கு. அதுக்கு இல்ல. ரெண்டுல எதை நான் கோப்புல எழுத முடியும், நீங்களே சொல்லுங்க."

நெட்டைக்கு இது புதிதில்லை. கிடங்கு வாசலில் காவல்காரனும் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கையிலிருந்த பட்டியலைப் பார்த்துவிட்டு, "அப்படி ஒரு ஆளே இல்லையே" என்று அவனிடமே சொல்லியிருந்தான்.

பிழைநீக்கி அசரவில்லை. கையேட்டைப் புரட்டினார். முதலில் துடைக்கச் சொன்னது. மூக்குக்கண்ணாடித் துணியால், நடுவிலிருந்து ஓரம் நோக்கித் துடைத்தார். சுற்றிச் சுற்றித் துடைப்பது விதிமீறலாம். செம்பின் வாய் வட்டமும் இரண்டு எறும்பும் போயின. பிறகு கணினியை அணைத்துப் போட்டார். கையேட்டின் பாதிப் பக்கங்களில் அந்த ஒரு வைத்தியந்தான் எழுதியிருந்தது. கடைசியில் ஒரு பொத்தானை அழுத்தி, படிக்கும் வேகத்தைக் குறைத்தார்.

"கீறல் விழுந்த சிடி. வேகமாப் படிச்சா இதுக்குப் புரியாது. எழுத்துக்கூட்டித்தான் படிக்கும்."

நெட்டைக்கு அந்த இயந்திரத்தின் மேல் முதல்முறையாகப் பாசம் வந்தது.

எழுத்துக்கூட்டி முடித்ததும் அது இணையத்தில் யாரையோ விசாரித்தது. திரையில் பச்சை வந்தது. பிழைநீக்கி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"கண்டுபிடிச்சிடுச்சு! நான் ஒன்னுமே சொல்லல, பாருங்க. அதுவா கண்டுபிடிச்சிடுச்சு!"

"என்னங்க கண்டுபிடிச்சுது?"

"'மழலைக்கு இனிய தாலாட்டுகள், தொகுதி நான்கு.' முதல் பாட்டு, 'மெத்தைமேல் மேகம்'. ரெண்டாவது, 'நிலாவும் கொட்டாவி விடும்'. மூணாவது, 'அப்பா இருக்கிறேன், பயமேன்'."

"சார், அது எங்க முதலாளி பேசினது."

"நீங்க அப்படித்தான் நினைச்சுட்டிருந்தீங்க."

"கொஞ்சம் போட்டுக் கேட்டுட்டீங்கன்னா..."

"எதுல கேக்கறது? இங்க ஸ்பீக்கர் இல்லையே."

"வெளிய ஒலிவட்டுன்னு போட்டிருக்கே!"

"அதனாலதான். சத்தம் வந்தா மத்த பிரிவுல வேலை கெடும்னு அனுமதி குடுக்கல."

"அப்ப எடுத்த பிரதி சரியா இருக்கான்னு எப்படிங்க தெரியும்?"

"சரியில்லைன்னா புகார் வரும். இதுவரைக்கும் ஒரு புகாருமில்ல."

"எத்தனை பேருக்கு எடுத்திருக்கீங்க?"

"நீங்கதான் முதல்," என்றார் பிழைநீக்கி பெருமையாக. "ஆனா உங்களுக்கும் எடுக்க முடியாது. இது காப்புரிமை உள்ள தாலாட்டு. தாலாட்டுக் கம்பெனிக்காரங்க சம்மதிக்காம நகல் எடுத்தா ஜெயிலு. போய்ச் சம்மதம் வாங்கிட்டு வாங்க. அப்புறம் ஒன்னு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. குழந்தைங்க பாட்டை வெச்சு முதலாளிய மிரட்டறது நல்லாயில்ல."

நெட்டை வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னான். அவன் மனைவி கேட்டுக்கொண்டே அவன் சட்டையின் வலது கையைக் கழற்றிவிட்டாள். அந்தக் கையை அவனால் தலைக்கு மேல் தூக்க முடியாது.

"தாலாட்டுன்னு சொன்னானா? நீங்களும் சரின்னு வந்துட்டீங்களா?"

"சாஃப்ட்வேர் சொல்லுதுடி. நம்ம என்ன படிச்சவங்களா?"

"காது இருக்குல்ல? காதுக்கு எதுக்குப் படிப்பு?"

மறுநாள் அவளும் கூடவே வந்தாள். பிழைநீக்கி அவளுக்கும் பொறுமையாக அறிவியலை விளக்கினார்.

"அம்மா, உள்ள என்ன பேச்சுன்னு அது கேக்காது. ஒவ்வொரு துண்டும் எவ்வளவு நீளம்னு அளக்கும். அதே நீளத்துல உலகத்துல எந்த சிடி இருக்குன்னு தேடும். நீளம் ஒத்துப்போச்சா, அதுதான் இது."

"நீளம் ஒன்னா இருந்தா ஆளும் ஒன்னா?"

"அப்படித்தான்."

"அப்ப இவர் உயரத்துக்கு இன்னொருத்தன் வந்து வாசல்ல நின்னா, நான் சோறு போட்டுப் பாய் விரிக்கணுமா?"

பிழைநீக்கி கையேட்டைப் புரட்டினார். அதற்கு வைத்தியம் இல்லை. அணைத்துப் போடலாமா என்பதுபோல் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு பிரச்சினையைக் கீழே அதிகாரியிடம் அனுப்பினார். அதிகாரி துணிச்சலான ஒரு முடிவெடுத்தார். அலுவலக வரலாற்றிலேயே முதல்முறையாக, ஒரு சிடியைக் 'காதால் கேட்டு' அறிவது என்று உத்தரவானது. அதற்கு 'நேரடிச் செவிச் சோதனை' என்று பெயரும் சூட்டப்பட்டது.

சோதனை, சாப்பாட்டுக்குப் பிறகு வைக்கப்பட்டது. மேலே மின்விசிறி முனகிக்கொண்டிருந்தது. முதலாளி வந்தார், எல்லோருக்கும் வணக்கம் சொன்னார், நெட்டையிடம் வந்து, "எப்படிப்பா இருக்க?" என்று பாசத்தோடு தோளில் தட்டினார். வலது தோளில். நெட்டைக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதைப் பார்த்த அதிகாரி, இப்படி ஒரு விசுவாசமான தொழிலாளி வழக்குக்கு வரலாமா என்று வருந்தினார்.

"பாருங்க சார்," என்றார் முதலாளி. "நான் அப்படி எதுவும் சொன்னதா ஞாபகம் இல்ல. சொல்லியிருந்தா எனக்கு ஞாபகம் இருக்கும். ஏன்னா நான் சொன்னதை மறக்கவே மாட்டேன்."

நெட்டையின் மனைவி வீட்டிலிருந்து பிளேயரைக் கொண்டுவந்திருந்தாள். மூடி நிற்காது, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால்தான் சிடி சுற்றும். அழுத்தினாள்.

முதலாளியின் குரல் அறையை நிறைத்தது. நெய் தடவிய குரல். "நீங்க எல்லாம் என் குடும்பம்... உங்க வலி என் வலி... நான் சாப்பிடறப்ப உங்களைத்தான் நினைச்சுக்கறேன்..." என்று ஏறாமல் இறங்காமல், தொட்டில் ஆடுகிற அளவோடு அது போய்க்கொண்டே இருந்தது. அதிகாரி முதலில் குறிப்பெடுத்தார். 'குடும்பம்' என்று எழுதினார். 'வலி' என்று எழுதத் தொடங்கிய பேனா, 'வ'னாவிலிருந்து இறங்கி, தாளின் ஓரம் வரைக்கும் போய் நின்றது. தாடை மார்பில் சாய்ந்தது. பிழைநீக்கி பீரோவில் சாய்ந்து நின்றபடியே கண்ணை மூடினார். முதலாளி தம் பேச்சைத் தாமே ரசித்துத் தலையாட்டினார், ஆட்டம் மெல்லக் குறைந்தது, வாய் திறந்தது. அவருடைய குறட்டையும் சிடியில் அவருடைய குரலும் ஒரே சுருதியில் சேர்ந்துகொண்டன.

மூன்றாவது துண்டு வந்தது. கூட்டத்திலிருந்து யாரோ கேட்கிற சத்தம்: "அடிபட்டா என்னங்க பண்ணுவீங்க?"

"வேலை செய்யற இடத்துல யாருக்கு அடிபட்டாலும் வெளிய அனுப்ப மாட்டேன். உக்காந்து பாக்கற வேலை குடுப்பேன். நான் இருக்கறப்ப உங்களுக்கு என்ன பயம்? இது என் வாக்கு."

நெட்டை அறையைச் சுற்றிப் பார்த்தான். வாக்கு வந்து மின்விசிறிக் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது. வாங்கிக்கொள்ள வேண்டிய ஒரு காதும் விழித்திருக்கவில்லை.

"ஐயா," என்றான். "ஐயா, இதுதான், இதுதான்!"

"உஸ்ஸ்," என்றார் அதிகாரி, கண் திறக்காமல்.

சிடியில் சுமையாட்கள் கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தில்தான் மூவரும் திடுக்கிட்டு விழித்தார்கள். அதிகாரி மரியாதைக்குத் தாமும் இரண்டு தட்டுத் தட்டினார். முதலாளி கடைவாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அருமையான குரல்," என்றார். "யாரு பாடினது?"

நெட்டையின் மனைவி கட்டைவிரலை எடுத்தாள். "மறுபடியும் போடறேன், கேக்கறீங்களா?"

"வேண்டாம்மா, வேண்டாம். எனக்கு நாலு மணிக்கு மீட்டிங் இருக்கு," என்று அதிகாரி பதறினார். "கேட்டாச்சு. ஐயமறக் கேட்டாச்சு."

உத்தரவு அங்கேயே எழுதப்பட்டது. பிழைநீக்கி அதை எழுந்து நின்று வாசித்தார்: "மேற்படி ஒலிவட்டை நேரடிச் செவிச் சோதனைக்கு உட்படுத்தியதில், அறையிலிருந்தோர் யாவரும் ஆழ்ந்த உறக்கம் எய்தினர் என்பது ஐயத்துக்கிடமின்றி மெய்ப்பிக்கப்பட்டது. எனவே மென்பொருள் அறிந்து கூறியவாறு இது தாலாட்டே எனத் தீர்மானிக்கப்படுகிறது. மனுதாரர் இனித் தாலாட்டைச் சாட்சியாகக் கொண்டுவந்து அலுவலகத்தின் விழிப்பைக் குலைக்கக் கூடாது. மனு தள்ளுபடி செய்யப்படுகிறது."

வாசித்து முடித்தபோது அவர் குரல் தழுதழுத்தது. மென்பொருள் ஜெயித்துவிட்டதல்லவா.

நெட்டை இடது கையைத் தூக்கினான்.

"ஐயா, ஒரு சந்தேகங்க."

"உத்தரவு உத்தரவுதான். மாத்த முடியாது."

"மாத்த வேண்டாங்க. 'யாவரும்'னு போட்டிருக்கு. அதை மட்டும் அடிச்சுடுங்க. நான் தூங்கல."

அதிகாரி நிமிர்ந்தார். இது கொஞ்சம் சிக்கல்தான். தாலாட்டைக் கேட்டும் ஒருவன் தூங்கவில்லை என்றால், பிழை எங்கோ இருக்கிறது. அதை நீக்கியாக வேண்டும்.

"இவ்வளவு நல்ல குரலைக் கேட்டும் தூங்கலையா? ஏன்?"

"தோள் வலிக்குதுங்க," என்றான் நெட்டை.

அதிகாரி யோசித்தார். மூடியை அழுத்திப் பிடித்திருந்த மனைவியைக் கருவியோடு சேர்த்துக்கொண்டார். பிறகு 'யாவரும்' என்பதை அடித்துவிட்டு, மேலே 'உடல்நலமுடைய யாவரும்' என்று திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

அந்தத் திருத்தத்தில் ஒரு குற்றமும் இல்லை. மென்பொருளையும் யாரும் குறை சொல்ல வேண்டாம். வருஷந்தோறும் ஒரு கிடங்கையே படுக்கவைத்து எழுந்து போன குரலை, அளவு நாடாவால் அளந்தே அடையாளம் கண்டது அது ஒன்றுதான். முதலாளி அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு நாள் குறித்துவிட்டார். சுமையாட்கள் எல்லோரும் வருவார்கள், கைதட்டுவார்கள். அவர்களுக்கு இன்னும் எங்கும் வலிக்கவில்லை.