மீசையைப் பணயம் வைத்த ராஜரத்தினம்

துணுக்காய் ஊரில் ராஜரத்தினத்தைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய மீசையைத் தெரியாதவர்கள் இல்லை. முப்பது வருசத்து மீசை. கலியாணத்துக்கும் மூத்தது. அந்த வீட்டில் அவருக்கு முழு உரித்துள்ள ஒரே சொத்தும் அதுதான். மற்றதையெல்லாம் மனுசி விமலேஸ்வரியைக் கேட்டுத்தான் தொடவேண்டும்.

அப்பேர்ப்பட்ட மீசையைத்தான் மனுசன் போன ஆவணியில் பணயம் வைத்துவிட்டார்.

விமலேஸ்வரியின் தம்பி கோகுலன் கனடாவிலிருந்து வந்தவன், ஒரு கோல்ஃப் மட்டையையும் கொண்டுவந்திருந்தான். கிணற்றடியில் நின்று விசுக்கென்று ஒரு அடி. பந்து வீட்டு வளவைத் தாண்டி, வாய்க்காலையும் தாண்டி, அங்கால் வயலுக்குள் போய் விழுந்தது. கூடியிருந்த சொந்தக்காரர் எல்லாரும் கைதட்டினார்கள். ராஜரத்தினத்துக்குப் பொறுக்கவில்லை. "உதென்ன பெரிய வேலை? கொண்டா இஞ்ச" என்று மட்டையைப் பறித்தார். பதினொரு தரம் வீசினார். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. எட்டாவது அடிக்கு மட்டும் ஒரு மண்கட்டி பறந்துபோய், பக்கத்து வளவு நேசமலர் காயப்போட்டிருந்த மிளகாய்க்குள் விழுந்தது.

நேசமலர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

"என்ன அண்ணை, கிணத்தடியில வாழை வைக்கப் போறியளோ?"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ராஜரத்தினத்துக்கு ரோசம் தலைக்கேறிவிட்டது.

"அடுத்த முறை தம்பி வரேக்க பந்தை வாய்க்காலுக்கு அங்கால அடிப்பன். அடிக்காட்டி மீசையை எடுக்கிறன்!"

"முழுசாவோ, பாதியோ?" என்று கேட்டா விமலேஸ்வரி.

"முழுசா!"

கோகுலன் மட்டையையும் ஆறு பந்தையும் அத்தானிடமே விட்டுவிட்டு விமானம் ஏறினான். வருசம் எப்படிப் போனதென்றே தெரியவில்லை. ஒருநாள் கோகுலன் போன் எடுத்து, இன்னும் இரண்டு மாதத்தில் வருகிறேன் என்றான். ராஜரத்தினத்தின் கை தானாகவே மீசைக்குப் போனது.

விமலேஸ்வரி மல்லாவிச் சந்தைக்குப் போகிற நாட்களில் மனுசன் களவாகப் பழகினார். யூரியூப் பார்த்துப் பழகினார். கண்ணை மூடிக்கொண்டும் பழகிப் பார்த்தார். பந்துக்கு ஒரு சொட்டு இரக்கம் வரவில்லை. கடைசியில் மானத்தை மடித்து வைத்துவிட்டு, கிணற்றுக் கட்டில் போனை நிறுத்தி, தான் வீசுவதை வீடியோ எடுத்துக் கோகுலனுக்கே அனுப்பினார். "அக்காவுக்குச் சொல்லிப்போடாத ராசா" என்று கெஞ்சியும் விட்டார்.

இரண்டு நாள் கழித்து வட்ஸ்அப்பில் கோகுலனின் குரல் வந்தது.

"அத்தான், உங்களுக்குப் பலம் தாராளமாக் காணும். ரைமிங்தான் பிழை, வீசுற நேரக்கணக்கு. மட்டை மேல போனதும் போகாததுமா கை அவசரப்பட்டு இறங்குது. மண்வெட்டி போடுற ஆக்கள் அப்பிடித்தான் கொத்துவினம். முதல் இடுப்பு திரும்போணும். கை பிறகு வரோணும். இதுக்கு ஒரு மருந்து இருக்கு. புல்லு வெட்டுற நீட்டுக் கத்தி இருக்கெல்லே? அதை எடுத்து வீசுங்கோ. 'போய்... நிண்டு... வா' எண்டு எண்ணி வீசுங்கோ. வெறும் காத்தில வீசிப் பலனில்லை. அடர்ந்த புல்லுக்க வீசோணும். ரைமிங் சரியெண்டா புல்லு விழும், பிழையெண்டா சாயும். ஒரு நாளைக்கு ஐந்நூறு."

அடர்ந்த புல்லுக்கு எங்கே போவது? வீட்டுக்குப் பின்னால், கிணற்றடியிலிருந்து வாய்க்கால் மட்டும், இடுப்பளவு புல்லுப் பத்தைதான். அதை வெட்டித் தாங்கோ, கச்சான் கடலை போடுவம் என்று விமலேஸ்வரி தை மாதத்திலிருந்து தொண்டை வத்தக் கத்திக்கொண்டிருந்தா. அவருக்கு இடுப்பை நிமிர்த்த விடாத நாரிப்பிடிப்பு வந்ததுதான் மிச்சம்.

அடுத்த நாள் விடிய நாரிப்பிடிப்பைக் காணவில்லை. மனுசன் கத்தியோடு பத்தைக்குள் நின்றார்.

"இஞ்சாருங்கோ, என்னப்பா இது?"

"உமக்கு விளங்காது. இது வேற விசயம்."

"ஐயோ, இந்த வெயிலுக்க ஏன் மாயிறியள்? நாரி வேற சரியில்லை. விடுங்கோ."

"விடமாட்டன்!"

"சரி, வேலிக்கரைப் பக்கம் வெட்டுங்கோ, அது மெல்லிசு. வாய்க்கால் பக்கம் போகாதேங்கோ, அந்தப் புல்லு உங்களுக்கு ஏலாது."

"ஆருக்கு ஏலாது?" ராஜரத்தினம் நேரே வாய்க்கால் பக்கம் போனார்.

முதல் கிழமை ஏழு நாளும் புல் சாய்ந்தது. இரண்டாம் கிழமை பாதி விழுந்தது. மூன்றாம் கிழமை கத்தி தன்பாட்டில் போய், ஒரு கணம் நின்று, இடுப்போடு சேர்ந்து வந்தது. சரக்கென்று விழுந்தது புல். மனுசனுக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. தேத்தண்ணியைக்கூட 'போய்... நிண்டு... வா' என்றுதான் ஆற்றினார். ஐந்தாம் கிழமை வளவில் புல் முடிந்துவிட்டது. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தங்கச்சி, உங்கட பக்கம் புல்லு ஏதும் கிடக்கோ?" என்று நேசமலரைக் கேட்கிற நிலைமைக்கு ஆள் வந்துவிட்டார். நேசமலர் மாட்டேன் என்று சொல்லுவாவா?

கோகுலன் வந்தான். சொந்தமும் அயலும் கிணற்றடியில் கூடிவிட்டது. யாரோ ஒரு புண்ணியவான் சவர அலகும் கொண்டுவந்திருந்தான். ராஜரத்தினம் பந்தை வைத்தார். மீசையைக் கடைசியாக ஒருதரம் தடவினார்.

போய்... நிண்டு... வா.

டொக்.

பந்து எழும்பியது. வெட்டித் துப்பரவாக்கிய வளவுக்கு மேலால் போனது. வாய்க்காலைத் தாண்டியது. அங்கால் அறுத்த வயலில் மேய்ந்த கொக்குகளெல்லாம் குபீரென்று கிளம்பின. நேசமலர் இரண்டு கையாலும் தட்டினா. ராஜரத்தினத்துக்கு அழுகை வந்துவிட்டது. விமலேஸ்வரியும் சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தா.

"தம்பி, உன்ர மருந்து மருந்துதான்!" என்று மைத்துனனைக் கட்டிப்பிடித்தார் ராஜரத்தினம்.

கோகுலன் தலையைச் சொறிந்தான். "அத்தான், குறை நினைக்காதேங்கோ. உங்கட வீடியோவை நான் அண்டைக்கே அக்காவுக்கு அனுப்பிப்போட்டன். கத்தியும், எண்ணிக்கையும், ஐந்நூறும் அவா சொன்னதுதான்."

ராஜரத்தினம் திரும்பி மனுசியைப் பார்த்தார்.

"இருபத்தேழு வருசமா உங்கட மண்வெட்டிக் கையைப் பாக்கிறன். எனக்குத் தெரியாதே?" என்றா விமலேஸ்வரி. "நான் சொன்னாக் கேப்பியளே? அவன் சொன்னா விடியமுன்னம் எழும்புவியள்."

"அப்ப எல்லாம் புல்லுக்காகத்தான்?"

"மீசைக்காகவும்தான். அது இல்லாமல் உங்களைப் பாக்க ஏலாதப்பா."

மனுசன் உருகிப்போனார். உருகின சூட்டில் வாயும் திறந்துவிட்டது. "அடுத்த ஆவணிக்கு அந்தா, அந்தப் பாலை மரத்தையும் தாண்டி அடிக்கிறன், இருந்து பாரும்!"

விமலேஸ்வரி கதவு மூலையிலிருந்து மண்வெட்டியை எடுத்து வந்து அவர் கையில் தந்தா. "அவ்வளவு தூரத்துக்குப் பலமும் வேணுமெல்லே. மாரி மழைக்கு முன்னம் இந்த வளவைக் கொத்திப் போடுங்கோ, கச்சானும் போடலாம்."

"மண்வெட்டியோ! திரும்பவும் ரைமிங் பிழைச்சுப்போமெல்லே?"

"அதுக்கேன் யோசிக்கிறியள்? கச்சான் பிடுங்கி முடியப் புல்லு திரும்ப முளைச்சிடுமப்பா."