புகைக்குக் காரணம் சொன்னவர்

நம் ஊரில் மழை பொய்க்கலாம், மின்சாரம் போகலாம், குழாயில் தண்ணீருக்குப் பதில் காற்று வரலாம். காரணத்துக்கு மட்டும் பஞ்சமே வந்ததில்லை. அப்படி வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஓர் இனமே பாடுபட்டுக்கொண்டிருக்கிறது. காரணம்சொல்லிகள் என்று இவர்களுக்குப் பெயர் வைக்கலாம். இட்லி ஏன் கல்லாகிவிட்டது, செங்கல்பட்டு பஸ் ஏன் இன்னும் வரவில்லை, எதிர்வீட்டுப் பெண் ஏன் புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டாள், எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். கேட்காவிட்டாலும் தயாராக இருக்கும். 'தெரியாது' என்ற ஒரு சொல்லை மட்டும் இவர்கள் வாயிலிருந்து வரவழைக்க முடியாது. பல்லைப் பிடுங்கினாலும் வராது.

இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி ஒருவரைப் பார்க்க விரும்பினால், 2009-ஆம் வருஷத்துக் காஞ்சிபுரத்துக்கு வாருங்கள். பிள்ளையார்பாளையத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார் துரைக்கண்ணு. சொந்த ஊர் முசரவாக்கம். கடையில் இருந்த நேரத்தைவிட எதிரே கலைவாணனின் டீக்கடை பெஞ்சில் இருந்த நேரம்தான் அதிகம். யாராவது எதையாவது பற்றி ஆச்சரியப்பட்டால் போதும், டீ கிளாஸைக் கீழே வைப்பார். இடது தோளில் இருக்கும் துண்டை எடுத்து வலது தோளில் போடுவார். ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டு, "அதாவது, அடிப்படை இன்னான்னா..." என்று ஆரம்பிப்பார். அவர் முடிப்பதற்குள் கேட்டவரின் டீயில் ஆடை படிந்துவிடும்.

சேலை ஜரிகை கறுத்துப்போனதா? ஏரித் தண்ணீர். ஏனாத்தூர் கல்லூரிப் பையன் பரீட்சையில் தவறிவிட்டானா? சைக்கிளில் போகிறான், மூளைக்கு ஏறவேண்டிய ரத்தமெல்லாம் காலுக்குப் போய்விடுகிறது. கலைவாணனுக்கு வழுக்கை விழுந்ததா? பாய்லர். இவற்றால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆகவே ஊரும் சிரித்துக்கொண்டே கேட்டது, கேட்டுக் கேட்டு அவரை வளர்த்தும் விட்டது.

அந்தச் சித்திரையில் துபாயிலிருந்து லீவில் வந்த மருமகன் அர்ஜுனன், மாமனாரின் பீடியை எப்படியாவது நிறுத்திவிடலாம் என்ற ஆசையில் ஒரு எலக்ட்ரானிக் சிகரெட் வாங்கி வந்தான். வெள்ளைக் குச்சி. உள்ளே பாட்டரி, ஒரு துளி மருந்து, அதைச் சுடவைக்க ஒரு குட்டிக் காயில். இழுத்தால் நுனியில் சிவப்பு விளக்கு எரியும், வாயில் புகை போல ஆவி வரும். டப்பாவுக்குள் இங்கிலீஷில் ஒரு காகிதம் இருந்தது. மகள் தீபிகா அதைப் படித்து, அப்பாவுக்குப் புரியட்டும் என்று அதன் முதுகில் தமிழில் நாலு வரி எழுதியும் கொடுத்தாள்.

"இருவத்தஞ்சு வருசமா காயில் கட்டிக்கினு இருக்கறவன்மா நான். இந்தக் குச்சிக்குக் காகிதம் பாத்துக்கினு இருப்பனா?" என்றார் துரைக்கண்ணு. கடையில் கால் ஆடிக்கொண்டிருந்த டேபிள் ஃபேனுக்கு அடியில் அந்தக் காகிதத்தை நாலாக மடித்துச் செருகினார். ஃபேன் ஆடுவது நின்றது. காகிதத்தால் அவருக்குக் கிடைத்த பயன் அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே குச்சி டீக்கடைக்கு வந்தது. எல்லோருக்கும் முன்னால் அவர் சட்டத்தை அறிவித்தார். "அதாவது, அடிப்படை இன்னான்னா, பொகை எவ்ளோ வருதோ அவ்ளோ நுரையீரல் பலம்." சொல்லிவிட்டு, முப்பது வருஷப் பீடிப் பழக்கத்தில் கன்னம் ஒட்ட ஒரே உறிஞ்சாக உறிஞ்சினார். கண் பிதுங்கும்வரை உள்ளேயே அடக்கிவைத்தார். பிறகு கம்பீரமாக ஊதினார். ஊதுவத்திப் புகை அளவுக்கு ஏதோ ஒன்று வந்து, அதுவும் வெட்கப்பட்டுக்கொண்டு மறைந்துபோயிற்று.

கலைவாணன் இழுத்தான். கொஞ்சம் பரவாயில்லை. மூன்றாவதாகக் குச்சி காசிநாதன் கைக்குப் போனது. காசிநாதன் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். விரல் நகமெல்லாம் எப்போதும் அரக்கு நிறம். மூன்று வாரமாக விடாத இருமல். எங்கே இருமல் கிளம்பிவிடுமோ என்று பயந்து பயந்து, குழந்தை பால் குடிக்கிற மாதிரி மெதுவாக இழுத்தார். அடக்க முடியாமல் உடனே விட்டுவிட்டார். அம்மாடி! சுவரில் இருந்த காலண்டர் மறைந்தது, பிஸ்கட் பாட்டில்கள் மறைந்தன, கலைவாணன் தலை மறைந்தது.

எல்லோரும் துரைக்கண்ணுவைத் திரும்பிப் பார்த்தார்கள். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் மாட்டிக்கொண்டு முழித்திருப்பார்கள். துண்டு தோள் மாறியது.

"நுரையீரல்ல ரெண்டு வகைபா. வாங்கி வெச்சிக்கிற நுரையீரல் ஒண்ணு, வெளிய தள்ற நுரையீரல் ஒண்ணு. என்னுது வாங்கி வெச்சிக்கிறது. காசிநாதனுது பம்பு செட்டு மாதிரி தள்றது. இருவது வருசம் சாயத்தொட்டி ஆவியைக் குடிச்ச நெஞ்சு இல்ல? ரெண்டுமே பஸ்ட் கிளாஸ்."

"அப்போ என்னுது?" என்றான் கலைவாணன்.

"உன்னுது ஒரு வகையிலயும் சேராது. நீ டீயைப் போடு."

காசிநாதன் தயங்கினார். "அண்ணே, இந்த இருமல் உட மாட்டேங்குது. எம் பொஞ்சாதி அம்சா, ஆஸ்பத்திரிக்குப் போயி சளி டெஸ்ட்டு எடுக்கச் சொல்லிக்கினே இருக்குது."

"இவ்ளோ பொகை உடற ஆளுக்கு டெஸ்ட்டா? பம்பு ஓட்டுனா மொதல்ல சேத்துத் தண்ணி வரல? அப்பறம் தெளியல? உன் நெஞ்சு சாயத்தை வெளிய தள்ளுதுபா. தடுக்காத."

காசிநாதனின் முகம் தெளிந்தது. ஆஸ்பத்திரி என்றாலே அவருக்குப் பயம். போகவேண்டாம் என்று யாராவது சொல்லமாட்டார்களா என்றுதான் ஏங்கிக்கொண்டிருந்தார். காரணம்சொல்லிகளை இந்த ஏக்கம்தான் வாழவைக்கிறது.

அதன்பிறகு ஒரு மாதம் தினமும் அதே வேடிக்கை. போகிறவர் வருகிறவருக்கெல்லாம் காசிநாதனை உட்காரவைத்துப் புகை விடச் சொல்லிக் காட்டினார் துரைக்கண்ணு. புகை நாளுக்கு நாள் பெருகியது. "பாத்தியா, நெஞ்சு தெளிஞ்சிக்கினு வருது" என்று தொடையைத் தட்டினார். காசிநாதனின் சட்டைக்குள் இன்னொரு ஆள் நுழையலாம் போல ஆனதை அவர் கண் கவனிக்கவில்லை. ஒரு கண்ணைத்தான் எப்போதும் மூடிக்கொண்டிருக்கிறாரே.

ஒருநாள் அம்சாவே கடைக்கு வந்தாள். நெசவுக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்த கையோடு ஓடிவந்தவள்; விரலில் நூல் இன்னும் ஒட்டியிருந்தது.

"அண்ணே, சாயங்காலமானா காய்ச்சல் அடிக்குது. சோறு எறங்க மாட்டேங்குது. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னா, துரைக்கண்ணு அண்ணன் வாணாம்னு சொல்லிச்சேங்கறாரு. நீங்க ஒரு வார்த்தை போன்னு சொன்னா போயிடுவாருண்ணே."

ஒரே ஒரு வார்த்தை. ஒரே எழுத்து. சொல்லிவிடலாம் என்று துரைக்கண்ணுவுக்கு அந்த நிமிஷத்தில் தோன்றியது, அது பொய்யில்லை. ஆனால் 'போ' என்று சொல்லிவிட்டால் பம்பு செட்டு என்ன ஆவது? வாங்கி வைக்கும் நுரையீரல் என்ன ஆவது? ஒரு மாதமாகத் தெருவே கேட்டுத் தலையாட்டிய விளக்கம் என்ன ஆவது? கலைவாணன் சிரிக்கமாட்டானா? ஒரு மனிதரின் உயிர் இந்தப் பக்கம், கலைவாணனின் சிரிப்பு அந்தப் பக்கம். வெட்கக்கேடு, அவருக்குச் சிரிப்புதான் பெரிதாகத் தெரிந்தது.

"அதாவதும்மா, அடிப்படை இன்னான்னா, காய்ச்சல்ன்றது ஒடம்பு வேலை செய்யுதுன்னு அர்த்தம். மோட்டார் ஓடுனா சூடாவல?"

அம்சா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

நாலு நாள் கழித்து, சாயத்தொட்டியில் நனைப்பதற்காக வெள்ளைப் பட்டு நூலைக் கையில் எடுத்த காசிநாதனுக்கு இருமல் வந்தது. நூலில் சிவப்பாக ஒரு திட்டு. அன்று தொட்டியில் கலக்கியிருந்தது பச்சை. அதற்கு மேல் அம்சா யாருடைய வார்த்தைக்கும் காத்திருக்கவில்லை. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். டி.பி. என்றார்கள். ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிடவேண்டும், ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் இவ்வளவு உருகியிருக்க வேண்டாம் என்றார் டாக்டர். நோட்டுப் புத்தகத்தோடு தெருவுக்கு வந்த சுகாதார ஊழியர், காசிநாதனோடு நெருங்கிப் பழகியவர்கள் யார் யார் என்று விசாரித்தார். தெரு முழுக்க ஒரே திசையில் கை நீட்டியது. பீடி இருமலும் இருந்ததால் துரைக்கண்ணுவின் பெயர் முதலில் ஏறியது.

அன்று சாயங்காலம் கடையைப் பெருக்க வந்த அவருடைய மனைவி காந்தா, டேபிள் ஃபேனைத் தூக்கினாள். மடித்த காகிதம் கிடைத்தது. மகளின் கையெழுத்து. உரக்கப் படித்தாள்.

"மெதுவா, நீளமா இழுக்கணும். பீடி மாதிரி வேகமா உறிஞ்சினா புகை சரியா வராது. உள்ளயே அடக்கி வெச்சா வெளிய வர்றது கொறைஞ்சிடும். பாட்டரி எறங்கினாலும் மருந்து தீந்தாலும் கொறையும்."

படித்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"வேகமா இழுக்க அந்த ஆளுக்கு மூச்சு இல்ல. அதனாலதான் அவுருக்கு அவ்ளோ பொகை வந்துக்கீது. சீக்கு ஏற ஏற இன்னும் மெதுவா இழுத்துக்கீறாரு, பொகையும் ஏறிக்கீது. அதைப் பாத்து நீ நல்லா ஆவுதுன்னு சொல்லிக்கினு இருந்திருக்கே. காயிலு சூடாவ நேரம் புடிக்கும்னு உனக்கா தெரியாது?"

துரைக்கண்ணு துண்டைக் கையில் எடுத்தார். வாழ்க்கையிலேயே முதல்முறையாக, தோள் மாற்றாமல் அதைப் பழைய தோளிலேயே போட்டுக்கொண்டார்.

திருந்திவிட்டார் என்று நினைத்துவிட்டீர்களா? மறுநாள் காலை ஆஸ்பத்திரி வராந்தாவைப் பாருங்கள். சளி எடுத்துக் கொடுக்க ஆளுக்கொரு சின்ன டப்பா. துரைக்கண்ணு கையிலும் ஒன்று, கலைவாணன் கையிலும் ஒன்று. மாத்திரை வாங்க வந்த காசிநாதன் வாயில் துணியைக் கட்டிக்கொண்டு தள்ளி உட்கார்ந்திருந்தார். துரைக்கண்ணுவை அவர் திட்டவில்லை. குறை சொல்லவும் இல்லை. பழக்க தோஷத்தில் அவரிடமே கேட்டார்.

"அண்ணே, எனக்குச் சரியாயிடுமா?"

தெரியாது. டாக்டரைக் கேள். இவ்வளவுதான் சொல்லவேண்டியது. துரைக்கண்ணுவுக்கு அது தெரிந்தே இருந்தது. வராந்தாவில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். துண்டு இடது தோளிலிருந்து வலது தோளுக்கு வந்தது. ஒரு கண் மூடியது.

"அதாவது, அடிப்படை இன்னான்னா..."

புருஷனோடு வந்திருந்த அம்சா எழுந்து நேராக அவர் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, வாயைத் தொறக்கறதுன்னா அந்த டப்பாவுல துப்பறதுக்கு மட்டும் தொறங்க."

துரைக்கண்ணுவை நன்றாகத் திட்டி முடித்துவிட்டீர்களா? சந்தோஷம். ஒன்று மட்டும் கேட்கிறேன். காசிநாதன் விட்ட புகையில் காலண்டர் மறைந்தபோது, காந்தா அந்தக் காகிதத்தைப் பிரிப்பதற்கு வெகுநேரம் முன்பே, உங்கள் மனசில் ஒரு காரணம் உதித்ததே, ஞாபகம் இருக்கிறதா? அது சரியா தப்பா என்பது இருக்கட்டும். பக்கத்தில் யாராவது இருமிக்கொண்டிருந்தால், அந்தக் காரணத்தை எடுத்துவிடுவதற்கு முன்னால் ஒருமுறை குனிந்து, உங்கள் துண்டு எந்தத் தோளில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.