ஆர்க்கிடெக்ட் வருவதற்குள் ஒளித்து வைத்தவை

வீட்டுக்கு யாராவது வருகிறார்கள் என்றால் நமக்குக் கை சும்மா இருக்காது. கிழிந்த பாயைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் நிறுத்துவோம். ஃப்ரிட்ஜ் மேலிருக்கும் மருந்து டப்பாவை இறக்கி அலமாரிக்குள் தள்ளுவோம். நான் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளிவிட்டேன்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஸ்ரீரங்கத்தில் வாடகை வீடுதான். என் மகன் குமரேசன் ஜீயபுரத்தில் மனை வாங்கி, வீடு கட்ட ஒரு ஆர்க்கிடெக்டைப் பேசியிருந்தான். அந்த வீட்டில் எனக்கு வேண்டியது ஒன்றுதான்: கீழே, கதவு வைத்த ஒரு அறை, ஒட்டினாற்போல் பாத்ரூம். என் வீட்டுக்காரர் கடைசிக் காலம் முழுக்க ஹாலில் கிடந்தார். கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர் அவர் காலைத் தாண்டித்தான் உள்ளே போவார். மகன் துணி மாற்றிவிட, நான் புடவையை விரித்துப் பிடித்து மறைப்பேன். அப்படி எல்லார் கண்ணிலும் பட்டுக்கொண்டு நான் போகக் கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

"முதல்ல இந்த வீட்டுக்கு வந்து, நாம எப்படிப் புழங்குறோம்னு பார்ப்பாராம்மா. அதுக்கேத்த மாதிரிதான் பிளான் போடுவாராம்" என்றான் குமரேசன்.

வந்து பார்ப்பார் என்பது மட்டும்தான் என் மனசில் நின்றது.

அவர் வருவதாகச் சொன்ன நாள் காலை, குமரேசன் முடிவெட்டப் போயிருந்த நேரம். என் கட்டில், வாக்கர், கமோடு நாற்காலி, மருந்துப் பை எல்லாம் எதிர்வீட்டுப் பரிமளா வீட்டுக்குப் போயின. முட்டிக்குத் தடவும் தைல வாடை போகச் சாம்பிராணி போட்டேன். மருமகள் வசந்தி புகையில் இருமிக்கொண்டே வந்தாள்.

"ஏன் அத்தை, அவர் பொண்ணு பார்க்கவா வராரு?"

"நோயாளி வீடுன்னு நெனைச்சிடக் கூடாது. நீ போய்ப் பாலை வை."

ஆர்க்கிடெக்ட் சின்ன வயசுப் பிள்ளை. ஷூவைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்து, என்னிடம்தான் முதலில் பேசினார்.

"அம்மா, உங்களுக்கு மாடி ஏறி இறங்கச் சிரமம் இருக்குங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். குமரேசன் வாயைத் திறந்தான். நான் முந்திக்கொண்டேன்.

"எனக்கென்னங்க சிரமம். தினம் மொட்டை மாடியிலதான் வடகம் காய வைக்கிறேன்."

(மொட்டை மாடியை நான் கண்ணால் பார்த்தே பல வருஷம்.)

"அப்ப வாங்கம்மா, அங்க போயே பேசுவோம்."

ஏறினேன். சுவரைக்கூடப் பிடிக்காமல் ஏறினேன். பல்லைக் கடித்துக்கொண்டதை அவர் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டார். எங்கள் மாடியிலிருந்து நாலைந்து கோபுரம் தெரியும். அன்று எனக்கு இரண்டு பங்கு தெரிந்தது.

"இங்க உட்கார்ந்தா நேரம் போறதே தெரியாது, இல்லைங்களா?"

"தெரியாதுங்க" என்றேன். அவர் போன பிறகும் மத்தியானம் வரை அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன், இறங்க முடியாமல். கடைசியில் குமரேசனும் பரிமளாவின் கணவரும் எதிர்வீட்டிலிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டு வந்து, அதில் என்னை வைத்துத் தூக்கிக் கீழே இறக்கினார்கள். எந்த நாற்காலி என்று நான் சொல்ல மாட்டேன்.

பிளான் வந்தது. எனக்கு அறை இருந்தது, கதவு இருந்தது, பாத்ரூம் இருந்தது, வாழைத்தோப்பைப் பார்த்த ஜன்னலும் இருந்தது. எல்லாம் மாடியில்.

"ஒரு போன் போட்டு மாத்திடலாம் அத்தை."

"என்னன்னு சொல்லுவே? எங்க அத்தை பொய் சொல்லிட்டாங்கன்னா?"

"வேற எப்படிச் சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். நல்லாத்தான் இருக்கு."

குமரேசன் கெஞ்சிப் பார்த்தான். நான் மசியவில்லை. வீடு எழும்பிவிட்டது. எனக்குச் சாப்பாடு மேலே வருகிறது. நல்ல நாள் கிழமைக்குத்தான் இறங்குகிறேன். நான் கண்ணை மூடிய பிறகு கடைசியாக இறக்கும்போது, இந்த வீட்டு வளைவுப் படியில் தூக்குகிறவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

இப்போது பேத்தி டாக்டரிடம் கிளம்பினால் வசந்தி வாசலில் நின்று சொல்வாள்: "வலிக்குதுன்னா வலிக்குதுன்னு சொல்லு. பாட்டி மாதிரி மாடி ரூம் வாங்கிட்டு வந்து நிக்காத."

சொந்தக்காரர்கள் வீடுகளிலும் இந்தப் பேச்சு பரவிவிட்டது. எனக்கு இங்கே நன்றாகவே காது கேட்கும். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கத்தான் தோன்றும். அதற்குக் கீழே இறங்கிப் போக வேண்டும்.