ஆறு சிலிண்டரும் அரளிப் பூவும்

எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும். அஞ்சாம் வகுப்போடு நின்றவள். ஞாபகமும் இப்போது முன்னப்பின்ன ஆகிவிடுகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் சாமியை ஏமாற்றியவள். அதுவும் ஒரு கார் இஞ்சினுக்காக.

எங்கள் வீட்டுக்காரர் அருப்புக்கோட்டையில் மிளகாய் வத்தல் வியாபாரம். ஆயுசு முழுக்க வேனில் மூட்டைகளோடு மூட்டையாகப் போய் வந்தவர். கடையை மகன் முருகேசன் கையில் கொடுத்ததும் அவருக்கு ஒரே ஆசை, வெளிநாட்டுக் கம்பெனியின் பெரிய கார் ஒன்று வேண்டும். புதுசு நமக்குக் கட்டாது, பழசு போதும் என்று மதுரையில் ஒரு பழைய கார் வியாபாரியிடம் போனோம்.

அங்கே ஒரே மாதிரி இரண்டு கறுப்புக் கார்கள் நின்றன. பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். வித்தியாசமெல்லாம் உள்ளேதானாம். ஒன்றில் ரெண்டு லிட்டர் இஞ்சின், நாலு சிலிண்டர். இன்னொன்றில் மூணு லிட்டர், ஆறு சிலிண்டர். (சிலிண்டர் என்றால் அடுப்படியில் நிற்பது ஒன்றுதான் எனக்குத் தெரியும். ஆறை எங்கே வைப்பார்கள் என்று டிக்கியை எட்டிப் பார்த்தேன்.)

"அப்பா, நமக்கு நாலே போதும். ஆறு பெட்ரோலக் குடிச்சே தீத்துரும். இஞ்சின எடமில்லாம நெருக்கி அடச்சு வச்சிருக்கான், ஒரு பிளக்கு மாத்தணும்னாலும் பாதி இஞ்சினக் கழட்டணும்னு மெக்கானிக்கு சொல்றாரு" என்றான் முருகேசன்.

"ஏலே, வாங்குறதுதான் வாங்குறோம், வாங்குனது மாதிரி இருக்க வேணாமா?"

"நம்ம பஜாருக்குள்ள ஆறு சிலிண்டர வச்சு என்ன செய்யப் போறீக? முன்னால போற சைக்கிளக்கூட முந்த முடியாது."

ஆனால் இவர் ஊருக்குத் திரும்பிய அன்றைக்கே டீக்கடை, கமிஷன் கடை, முடிவெட்டும் கடை வரைக்கும் "ஆறு சிலிண்டரு எடுக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஓட்டிப் பார்க்க மறுபடி மதுரைக்குப் போனோம். முதலில் சின்ன இஞ்சினை ஓட்டினார். நல்லபடியாகப் போய் வந்தோம். பிறகு பெரியதை எடுத்துக்கொண்டு காரியாபட்டி பக்கம் நாலு வழிச் சாலையில் ஒரு மிதி மிதித்தார் பாருங்கள்! என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. முன்னால் தூரத்தில் போன லாரி, கண்ணை மூடித் திறப்பதற்குள் பின்னால் போய்விட்டது. எனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டு முடித்து, தெரியாத சாமிகளையும் கூப்பிட்டேன். வாயைத் திறந்து ஒரு சத்தம் போடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசிப் பழக்கமில்லை. வண்டி நின்றதும் அவர் ஏசி குளிரிலும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சந்தோஷத்தில் வியர்க்கிறது போல என்று நினைத்தேன்.

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. எழுபது வயது மனுஷன், கண்ணில் ஆபரேஷன் செய்தவர். அந்த வண்டி வீட்டுக்கு வந்தால் ஒருநாள் இவர் திரும்பி வரமாட்டார் என்றே தோன்றியது.

அப்பனும் மகனும் ஒத்துவராமல் கடைசியில், "சாமிகிட்ட பூக்கட்டிக் கேட்டுருவோம்" என்று முடிவானது. திருச்சுழிப் பக்கம் இருக்கும் எங்கள் குலசாமி கோயிலுக்குப் போனோம். இரண்டு பூவை இலையில் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் வைப்போம். சின்னப் பிள்ளை அதில் ஒன்றை எடுக்கும். எடுத்ததில் இருக்கும் பூதான் சாமி வாக்கு. சிவப்பு அரளி வந்தால் பெரிய இஞ்சின், வெள்ளை வந்தால் சின்னது.

பொட்டலம் கட்டும் வேலை எனக்கு. கோயிலுக்குப் பின்னால் அரளிச் செடியோரம் உட்கார்ந்தேன். ஒரு பொட்டலத்தில் வெள்ளையை வைத்தேன். அடுத்ததிலும் என் கை வெள்ளையையே வைத்தது. சிவப்பை இடுப்பில் செருகிக்கொண்டேன். 'ஒன் பிள்ளையக் காப்பாத்தத்தான்' என்று சாமியிடம் மனசுக்குள் சொல்லிவிட்டேன்.

முருகேசன் மகள் யாழினிக்கு அப்போது ஐந்து வயது. அவள் ஒன்றை எடுத்தாள். பூசாரி பிரித்தார். வெள்ளை! என் வீட்டுக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு மூச்சு வந்தது.

நல்லபடியாக முடிந்தது என்று நான் விழுந்து கும்பிட்டு எழுவதற்குள், அந்தப் பிள்ளை இன்னொன்றையும் பிரித்துவிட்டது.

"அப்பத்தா! இதுலயும் வெள்ளப் பூதான்!"

பூசாரி என்னைப் பார்த்தார். மகன் என்னைப் பார்த்தான். குனிந்து எழுந்ததில் இடுப்பிலிருந்து நழுவிய சிவப்பு அரளி, சரியாக என் காலடியில் கிடந்தது. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

பூசாரிதான் வாய் திறந்தார். "ஒரு தடவ சொன்னா மொதலாளிக்கு வெளங்காதுன்னு சாமி ரெண்டு தடவ சொல்லிருக்கு."

முருகேசன் சிரிப்பை அடக்க முடியாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினான். என் வீட்டுக்காரர் என்னை வேப்ப மரத்தடிக்குக் கூப்பிட்டார். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டு போனேன்.

"பயந்துட்டியாக்கும்?"

"ம்."

"வாயத் தொறந்து சொன்னா என்ன?"

"ஒங்ககிட்ட எப்படிங்க சொல்ல?"

சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். "எனக்கும்தான். அந்த லாரிகிட்டப் போகயில காலு நடுங்கிருச்சு. ஊரு பூராம் சொல்லிட்டு எப்படி வேணாங்குறதுன்னு நானே முழிச்சுக்கிட்டிருந்தேன்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவருக்குச் சிரிப்பு மட்டும் வந்தது. நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த வத்தல் மூட்டையை யாரோ இறக்கிவிட்ட மாதிரி இருந்தது.

மறுநாளே சின்ன இஞ்சின் வந்துவிட்டது. பஜாரில் கேட்டவர்களிடம் எல்லாம், "நான் ஆறுதான் கேட்டேன். சாமி உத்தரவு, என்ன செய்ய?" என்றார். இப்போது அவர் ஓட்டும்போது டவுன் பஸ் எங்களை முந்திக்கொண்டு போகிறது. நான் பின்னால் நிம்மதியாகத் தூங்குகிறேன்.

வீட்டில் இன்றைக்கும் இட்லியா தோசையா என்று தகராறு வந்தால், "அப்பத்தாளப் பூக்கட்டச் சொல்லுங்க" என்கிறாள் யாழினி. அன்று தோசை வேண்டுமென்றால் நான் வாயைத் திறந்து தோசை என்றே சொல்லிவிடுகிறேன்.

முருகேசா, இதை ஒருதரம் படித்துச் சரிபார். பெரிய இஞ்சின் மூணு லிட்டரா, மூணரையா என்று எனக்குச் சந்தேகம். அப்பா கால் நடுங்கியது மட்டும் உனக்குத் தெரியாது. அதை அவுகளிடமே கேட்டுக்கொள். நான் சொன்னேன் என்று சொல்லிவிடாதே.