பட்டியல்காரரும் ஒழுகும் குழாயும்

பட்டியல்காரர் என்றோர் இனம் உண்டு, பார்த்திருப்பீர்கள். வேலையைச் செய்கிறவர் அல்லர்; வேலையை எழுதுகிறவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாமல் மூன்று லாரியும் ஒரு மரக்கடையும் சேர்த்தவன் சொல்கிறேன்: இவர்களைப் பற்றிப் பேச என்னைவிட அருகதை உள்ளவன் கிடையாது.

நம்மவர் வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்ப்பவர். கணினியில் ஒரே ஒரு கோப்பு வைத்திருக்கிறார். படம் கிடையாது, வண்ணம் கிடையாது, வெறும் எழுத்து. ஒரு வேலைக்கு ஒரு வரி, வரியின் தலையில் அவசரத்துக்குத் தக்கபடி அ, ஆ, இ, வாலில் தேதி, வேலை முடிந்தால் முன்னால் ஒரு பெருக்கல் குறி. “உலகமே அழிஞ்சாலும் இந்தக் கோப்பு திறக்கும்” என்பார். உலகம் அழிந்த பிறகு யார் வீட்டு மின்கட்டணத்தைக் கட்டப்போகிறாராம்?

காலையில் பல் விளக்குவார். விளக்கிவிட்டு வந்து ‘பல் விளக்கு’ என்று எழுதுவார். எழுதிய கையோடு குறியும் போடுவார். அப்போது அந்த முகத்தில் ஒரு களை வரும் பாருங்கள், கல்யாணத்தன்றுகூட அது வரவில்லை என்று அவர் மனைவியே சொல்கிறார். எல்லா வேலையும் ‘அ’ ஆகிவிட்டதால், போன மாதம் ‘அஅ’ என்று புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தார். அதைக் கண்டுபிடித்ததற்கும் ஒரு குறி!

இப்பேர்ப்பட்டவர் வீட்டில் சமையலறைத் தொட்டிக்கு அடியில் குழாய் ஒழுக ஆரம்பித்தது. மனைவி வாளியை வைத்துவிட்டு வேலைக்குப் போனார். சாயங்காலம் வந்து கேட்டார்.

“ஏங்க, பிளம்பரைக் கூப்பிட்டீங்களா?”

“அஅ-வுல முதல் வரியே அதுதான்.”

“வரி இருக்கட்டும், ஆளு எங்க?”

“பிளம்பரைக் கூப்பிடுறது ஒரு வேலை இல்லம்மா, அது ஒரு திட்டம். ஒன்பது வரி. நம்பர் விசாரிக்கணும், நேரம் முடிவு பண்ணணும்...”

“கழுத்து வரைக்கும் தண்ணி வர்றதுக்குள்ள பண்ணுங்க.”

ஆனால் வாளி இரண்டு மணிக்கொரு தரம் நிறைந்தது. நிறைந்தால் கொட்ட வேண்டுமே? ‘வாளி கொட்டு’, ஒரு வரி, ஒரு குறி. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு! மனிதர் கணக்குப் போட்டுப் பார்த்தார். பிளம்பர் வந்தால் ஒரே ஒரு குறி. வராவிட்டால் வாரத்துக்கு எண்பத்து நாலு. கறக்கிற மாட்டை யாராவது சந்தைக்கு ஓட்டுவார்களா?

“இந்த வாரம் மாதிரி நான் என்னிக்குமே வேலை முடிச்சதில்ல” என்று மனைவியிடம் மார்தட்டினார்.

சனிக்கிழமை மத்தியானம், முடிந்த வரிகளையெல்லாம் தேதிவாரியாக அடுக்கி அழகு பார்த்துக்கொண்டிருந்தார். வாளி வழிந்தது. கீழ்த்தளத்தில் வீட்டுச் சொந்தக்காரர் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். ஈரத் துண்டோடு ஏறி வந்தார்.

“ஏன் சார், நான் தூங்கட்டுமா, குளிக்கட்டுமா? நாளைக்குள்ள சரியாகலன்னா சாமானக் கட்டுங்க!”

“இதோ, இப்பவே ஏத்திடுறேன் சார்.”

“எதை, சாமானையா?”

“கோப்புல...”

மனைவி செல்போனை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பிளம்பர் வந்தார், தொட்டிக்கடியில் தலையை விட்டார், ஒரு வாஷரை மாற்றினார், ஏழே நிமிடம். “இதுக்கா சார் ஒரு வாரம் வாளி தூக்குனீங்க?” என்றார். சொந்தக்காரர் கூரையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சமாதானமானார். வீடு தப்பியது.

நம்மவர் முகம் மட்டும் விளக்கெண்ணெய் குடித்தது போலிருந்தது. மறுநாள் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பிய மனைவி, மறந்த குடையை எடுக்கத் திரும்பி வந்தார். சமையலறையில் தொட்டிக்கு வெளியே இரண்டு கால் நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே கையில் ஸ்பானர்.

“என்ன பண்றீங்க அங்க?”

“இறுக்கமா இருக்கான்னு... சும்மா பார்த்தேம்மா.”

“இறுக்குறதுக்கு எந்தப் பக்கம் திருப்பணும்னு எனக்கும் தெரியும். கைய எடுங்க!”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லது. நேற்று ஒரே நாளில் பதினைந்து வேலை முடித்தேன் என்று வீட்டில் பெருமையடித்தீர்களாமே? அதில் வாளி எத்தனை?